சுருதி சேராத இருபது நிமிடம்

ஃபிலடெல்ஃபியாவின் நடுவே நிற்கும் சிட்டி ஹால் கட்டடத்தின் உச்சியில், ஊரை நிறுவிய வில்லியம் பென் சிலையாக நிற்கிறார். அவர் காலடியிலேயே சுரங்க ரயில் நிலையம். அங்கே பிராட் ஸ்ட்ரீட் ரயிலில் ஏறித் தெற்கே போனால் கால் மணி நேரத்தில் கடைசி நிறுத்தம் வந்துவிடும். இன்று அதன் பெயர் என்.ஆர்.ஜி. நிலையம். 1985-ல் அது பேட்டிஸன்.

படியேறி மேலே வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கார் நிறுத்துமிடம்தான். நடுநடுவே மூன்று பெரிய விளையாட்டு அரங்குகள். பேஸ்பால் நாளில் ரயில் பெட்டி முழுக்கச் சிவப்புச் சட்டை, அமெரிக்க கால்பந்து நாளில் பச்சைச் சட்டை. ஆட்டம் இல்லாத நாளில் காற்றில் பறக்கும் காகிதக் கோப்பைகள் மட்டும்.

மூன்றில் ஒன்று, கூடைப்பந்தும் ஐஸ் ஹாக்கியும் நடக்கும் உள்ளரங்கம். 1996-ல் திறந்த நாளிலிருந்து அதற்கு ஐந்து பெயர்கள் ஆகிவிட்டன. முதல் நான்கும் வங்கிகளின் பெயர்கள். ஒரு வங்கியை இன்னொரு வங்கி வாங்கும்போதெல்லாம் வாசல் பலகையும் மாறியது. இப்போது எக்ஸ்ஃபினிட்டி மொபைல் அரீனா. ஊர்க்காரர்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அவர்கள் வயதைச் சொல்லிவிடலாம்!

இந்த அரங்கம் நிற்கும் இடத்தில்தான் ஜான் எஃப். கென்னடி ஸ்டேடியம் இருந்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 150-வது ஆண்டுக் கண்காட்சிக்காக 1926-ல் கட்டிய, லாட வடிவ மைதானம். லட்சம் பேர் உட்காரலாம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜாக் டெம்ப்ஸிக்கும் ஜீன் டனிக்கும் நடந்த குத்துச்சண்டையை, கொட்டும் மழையில் 1,20,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். டனி ஜெயித்துப் பட்டத்தைப் பறித்தார். பிற்பாடு பீட்டில்ஸ் பாடியதும், ரோலிங் ஸ்டோன்ஸ் ஆடியதும் இதே மண்ணில்தான்.

ஆனால் இந்த மைதானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ராக் இசைப் பிரியர்கள் குத்துச்சண்டையை நினைப்பதில்லை. அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு சண்டை இருக்கிறது. 1985 ஜூலை 13 மாலை, லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் இங்கே கிடார் வாசித்த இருபது நிமிடத்தைப் பற்றிய சண்டை. நாற்பது வருஷமாகியும் தீரவில்லை.

அந்த நாளின் பெயர் லைவ் எய்ட். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தை பி.பி.சி. தொலைக்காட்சி காட்டியது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகள், வரிசையாகத் துணி சுற்றிக் கிடத்திய உடல்கள். பார்த்துக் கலங்கிய அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து முதலில் ஒரு பாட்டுத் தட்டு கொண்டுவந்தார். அது போதாது என்று தோன்ற, ஒரே நாளில் இரண்டு கண்டங்களில் கச்சேரி என்று கிளம்பிவிட்டார். லண்டனில் வெம்ப்ளி மைதானம், அமெரிக்காவில் இந்த கென்னடி மைதானம். இங்கே மட்டும் 90,000 பேர் அளவில் கூட்டம். தொலைக்காட்சியில் 150 நாடுகளில் 190 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. பாடியவர்கள் யாரும் சம்பளம் வாங்கவில்லை.

அன்று ஃபிலடெல்ஃபியாவில் கொளுத்தும் வெயில். முன்வரிசைக் கூட்டம் மயங்கி விழாமலிருக்கக் குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். காலையிலிருந்து நின்றவர்கள் மாலை எட்டு மணி வாக்கில் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது மேடையில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

லெட் செப்பலின், 1968-ல் பேஜ் தொடங்கிய இங்கிலாந்துக் குழு. பாட ராபர்ட் ப்ளான்ட், பேஸ் கிடாருக்கும் கீபோர்டுக்கும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸுக்கு ஜான் போனம். எழுபதுகளில் இவர்கள் கால் வைத்த ஊரெல்லாம் திருவிழா. 1977 ஆகஸ்ட் 13 அன்று இதே கென்னடி மைதானத்தில் அவர்கள் கச்சேரி செய்வதாக இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு ப்ளான்ட்டின் ஐந்து வயது மகன் இறந்துபோனான். தகவல் வந்ததும் மீதிப் பயணம் முழுவதும் ரத்து. 1980 செப்டம்பரில் போனமும் போய்விட்டார், 32 வயதில். அவர் இல்லாமல் தொடர முடியாது என்று அந்த டிசம்பரிலேயே மற்ற மூவரும் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

ஆக, 1977-ல் இந்த ஊருக்கு வராமல்போன கச்சேரி, எட்டு வருஷம் கழித்து அதே மைதானத்துக்கு வந்தது. நான்கு பேரில் மூன்று பேரோடு.

நான்காமவரின் இடத்தில் உட்கார்ந்தவர்கள் இருவர். ஒருவர் டோனி தாம்ஸன். ஷீக் குழுவில் பேர் வாங்கியவர். இன்னொருவர் ஃபில் காலின்ஸ். இவர் அன்று மதியம் வெம்ப்ளியில் பாடிவிட்டு, கான்கார்ட் விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் வந்து, அங்கிருந்து ஹெலிகாப்டரில் இங்கே வந்து இறங்கியவர். ப்ளான்ட்டின் தனி ஆல்பங்களுக்கு டிரம்ஸ் வாசித்த நண்பர்தான். ஆனால் பேஜுடனும் ஜோன்ஸுடனும் சேர்ந்து ஒத்திகை பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்த ஒத்திகையும் சில மணி நேரத்துக்கு மேல் இல்லை.

முதல் பாட்டு ‘ராக் அண்ட் ரோல்’. இங்கேதான் முதல் கோணல். அந்தப் பாட்டு தனி டிரம்ஸில் ஆரம்பிக்கிறது. அதுவும் காது எதிர்பார்க்கிற முதல் தட்டில் ஆரம்பிக்காது, இடம் தள்ளி எடுக்கும். நம் ஊர்க் கச்சேரி கேட்டவர்களுக்கு எடுப்பு தவறினால் என்ன ஆகும் என்று தெரியும். பல்லவி முழுக்கத் தடுமாறும். போனத்துக்கு அது கைவந்த கணக்கு. இரண்டு பேர், இரண்டு செட் டிரம்ஸ், ஒன்றாகப் பழகாத கை என்றால்?

அடுத்து ‘ஹோல் லாட்டா லவ்’. ப்ளான்ட்டின் குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. மேடையில் வாசிப்பவர்களுக்குத் தங்கள் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் பெட்டிகளும் சரியாக வேலை செய்யவில்லை. தான் வாசிப்பது தனக்கே கேட்காமல் வாசிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது மாதிரி.

கடைசியாக ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. பேஜ் இரட்டைக் கழுத்துக் கிடாரை மாட்டிக்கொண்டார். மேல் கழுத்தில் 12 கம்பி, கீழே 6. மொத்தம் 18 கம்பிகளைச் சுருதி சேர்க்க வேண்டும். உலோகக் கம்பி சூட்டில் கொஞ்சம் தளர்ந்தாலே சுருதி இறங்கிவிடும். அன்று கிடார் சுருதியில் இல்லை என்பது பதிவைக் கேட்கும் எவருக்கும் தெரிகிறது. விரல்களும் பழைய வேகத்துக்கு வரவில்லை. ஓடவேண்டிய இடத்தில் தடுக்கி, தடுக்கிய இடத்தில் இன்னும் வேகமாக ஓடப் பார்க்கின்றன. பேஜுக்கு அப்போது 41 வயது. பதின்ம வயதிலேயே லண்டன் ஸ்டூடியோக்களில் மற்றவர் பாட்டுக்கு வாசித்துச் சம்பாதித்தவர். வாசிக்கத் தெரியாதவர் என்று எதிரிகூடச் சொல்லமாட்டார். அதனால்தான் சர்ச்சை இவ்வளவு நாள் நிற்கிறது.

ரசிகர்கள் எப்படியெல்லாம் பிரிந்து நிற்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

அன்று மைதானத்தில் இருந்தவர்களில் பலர், என்ன பிழை, யார் சொன்னது என்பார்கள். அந்தப் பெயரை அறிவித்த கணத்தில் எழுந்த கூச்சலும், தொண்ணூறாயிரம் பேர் சேர்ந்து பாடியதும்தான் அவர்கள் நினைவு. லாட வடிவத் திறந்தவெளி மைதானத்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு கம்பி கால் சுரம் இறங்கியதை யார் கவனித்திருப்பார்கள்? வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தவர்களுக்கோ, கூட்டத்தின் சத்தம் குறைவாகவும் கிடாரின் சத்தம் தெளிவாகவும் வந்தது. பிறகு பிறந்தவர்கள் மங்கலான நகலை போனில் பார்த்து, எந்த நொடியில் எந்த விரல் தவறியது என்று கணக்கெடுக்கிறார்கள். மூவரும் ஒரே கச்சேரியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகம் வரும்.

பழி யார் மேல் என்பது அடுத்த வழக்கு. பேஜ் பிற்காலத்தில், காலின்ஸுக்குப் பாட்டின் எடுப்பே தெரியவில்லை என்று குறைபட்டார். ப்ளான்ட்டோடு சின்னதாக ஏதோ வாசிக்கப்போகிறோம் என்று நினைத்து வந்தால் அது லெட் செப்பலினின் மறுசந்திப்பாக மாறிவிட்டிருந்தது என்பது காலின்ஸின் பக்கம். நடுவிலேயே எழுந்து போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியதாம். போயிருந்தால் உலகம் முழுக்க அதுவே பேச்சாகியிருக்கும் என்று உட்கார்ந்துவிட்டார். ப்ளான்ட் யாரையும் காப்பாற்றவில்லை. தங்கள் குழுவுக்கு அது ஒரு அட்டூழியம் என்ற பொருளில் சொல்லி முடித்துவிட்டார்.

இவர்களில் காலின்ஸைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஒரே நாளில் கடல் தாண்டி வந்து, ஒத்திகை பார்க்காத குழுவில் உட்கார்ந்தவரிடம் போனத்தின் கையை எதிர்பார்த்தது யார் தவறு?

மூன்றாவது வாதம்தான் கனமானது. பசித்தவர்களுக்காக இலவசமாக வாசித்தவரிடம் சுருதி பார்க்கலாமா? கூடாது என்பவர்கள், கோயில் அன்னதானத்தில் சாம்பாருக்கு உப்புக் குறைவு என்று சண்டை போடுவீர்களா என்கிற தொனியில் பேசுகிறார்கள். பார்க்கலாம் என்பவர்கள் வெம்ப்ளியைக் காட்டுகிறார்கள். அங்கே குவீன் குழு முன்கூட்டியே அரங்கம் பிடித்து, நிமிடக் கணக்குப் போட்டு ஒத்திகை பார்த்துவிட்டு வந்து, அதே இருபது நிமிடத்தில் உலகத்தையே கட்டிப்போட்டது. அதுவும் இலவசம்தான். தர்மத்துக்குச் செய்வதென்றால் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. இதில் இரண்டாம் கட்சிக்குத்தான் வலு அதிகம். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. குவீன் அன்று முழுக் குழு. இங்கே வந்தவர்கள், இறந்த நண்பரின் நாற்காலியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசித்தவர்கள்.

அதே மேடையில் அதே இரவு இன்னொரு கிழிசலும் நடந்தது. பாப் டிலனுடன் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸும் ரான் வுட்டும் ஆளுக்கொரு கிடாரோடு வந்தார்கள். திரைக்குப் பின்னால் கடைசிப் பாட்டுக்கு ஏற்பாடு நடந்த சத்தத்தில் ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்கவில்லை. டிலனின் கம்பி அறுந்தது. வுட் தன் கிடாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் நடுவே டிலன், இந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து அமெரிக்க விவசாயிகளின் கடனை அடைக்கலாமே என்று போகிறபோக்கில் சொன்னார். பஞ்ச நிதி மேடையில் இதென்ன பேச்சு என்று கெல்டாஃபுக்குக் கோபம். ஆனால் அந்தப் பேச்சிலிருந்துதான் அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஃபார்ம் எய்ட்’ கச்சேரி பிறந்தது. இன்றும் விவசாயிகளுக்காக நடந்துவருகிறது.

லைவ் எய்ட்டின் அதிகாரபூர்வ டி.வி.டி. 2004-ல் நான்கு தட்டுகளாக வந்தபோது, அதில் லெட் செப்பலின் இல்லை. தங்கள் வாசிப்பைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பதிலுக்கு, பேஜும் ப்ளான்ட்டும் தங்கள் வேறொரு டி.வி.டி.யின் வருமானத்தையும், ஜோன்ஸ் தன் அமெரிக்கக் கச்சேரிப் பயண வருமானத்தையும் நிதிக்குத் தருவதாகச் சொன்னார்கள். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இருபது நிமிடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி. ரசிகர்களா விடுவார்கள்? வீட்டு வி.சி.ஆரில் அன்று பதிந்துவைத்த நகல்கள் கைமாறிக்கொண்டேதான் இருந்தன.

2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் மூவரும் மறுபடி மேடை ஏறினார்கள். அதுவும் ஒரு நிதிக்காகத்தான். டிரம்ஸில் போனத்தின் மகன் ஜேஸன். பேஜுக்கு விரல் எலும்பு முறிந்து கச்சேரியே இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. இந்த முறை ஒழுங்காக ஒத்திகை பார்த்திருந்தார்கள். குறை சொல்ல ஆள் இல்லை. உடனே ரசிகர்கள் புதுச் சண்டை ஆரம்பித்தார்கள்: இவ்வளவு நன்றாக வாசித்துவிட்டு ஏன் ஊர் ஊராகப் போகவில்லை?

கென்னடி ஸ்டேடியம் அதிக நாள் இருக்கவில்லை. 1989 ஜூலையில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்துப்போன சில நாளில், கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று நகர நிர்வாகம் பூட்டிவிட்டது. 1992-ல் இடித்தார்கள்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் வார இறுதியில் போவது நல்லது. பிராட் ஸ்ட்ரீட்டைக் கடந்தால் எதிரே எஃப்.டி.ஆர். பூங்கா. 1926 கண்காட்சியின் மிச்சம் மீதி அங்கேதான் இருக்கிறது. கம்போடியா, லாவோஸ் குடும்பங்கள் கடை போட்டு, உரலில் இடித்த பப்பாளிக்காய் சாலட்டும் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும் விற்கிறார்கள். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு அரங்கத்தைச் சுற்றி ஒரு நடை நடக்கலாம். பக்கத்தில் வெள்ளைத் தாடியோடு யாராவது வந்து, அன்றைக்கு நான் இங்கே இருந்தேன் என்று பேச்சுக் கொடுத்தால் தாராளமாகக் கேளுங்கள். கிடாரில் சுருதி இருந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி ரயில் போய்விடும்.