மூன்று கற்களும் ஓர் ஈரத் துடைப்பானும்



கிதாபு ஓதிக் கொடுக்கும் மௌலவிக்கு ஆஸ்பத்திரித் துடைப்பானோடு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். என்னுடைய அறியாமை ஒன்றை உங்கள் முன் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கக் கூடும். நான் விட்ட பிழையை நீங்கள் விடாதிருந்தால் அதுவே எனக்குப் போதும்.

கல்முனைக் கரையோரத்தில் ஓர் அரபுக் கல்லூரியில் கற்பிக்கிறேன். வருடம் தோறும் ஆரம்ப வகுப்பு மாணவர்களுக்கு 'கிதாபுத் தஹாரா' என்ற சுத்தம் பற்றிய பாடத்தை நடத்துவது நான்தான். எது நஜீஸ், எதனால் அது நீங்கும், எத்தனை முறை கழுவ வேண்டும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பெருமை ஒரு பின்னேரத்தில் உடைந்தது.

என் உம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். கால் பெருவிரலில் வந்த சிறு புண் பழுத்து, ஆஸ்பத்திரியில் அனுமதித்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இரவில் ராத்தா கூட இருப்பா. நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் நான் போவேன். கையில் ஊசி ஏற்ற வந்த மிஸ், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்ததும் உம்மா கையை இழுத்துக் கொண்டா.

"மகன், இது சாராயம் மாதிரி மணக்குது. இதோட நான் எப்பிடித் தொழுற?"

உம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது. சட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியவன், "கவலைப்படாதீங்கம்மா, மதுசாரம் இல்லாத டிஷூ வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். பக்கெற்றில் 'மதுசாரம் அற்றது' என்ற வரியை மட்டும் பார்த்தேன். அது தோலுக்கா, மேசைக்கா, காயத்துக்கு ஆகுமா, காலாவதித் திகதி என்ன என்று எதையும் பார்க்கவில்லை.

வந்து ஒரு டிஷூவை உருவினேன். கட்டில் கம்பியைத் துடைத்தேன். அதாலேயே பக்கத்து அலுமாரியையும் தண்ணீர்ப் போத்தல் மூடியையும் துடைத்தேன். பிறகு உம்மாவின் விரல்களைத் துடைத்து, காலில் கட்டியிருந்த துணியின் ஓரத்துக்குக் கையைக் கொண்டு போனேன். அப்போதுதான் அந்த மிஸ் பின்னால் நின்று, "மௌலவி, ஒரு நிமிசம்" என்றார்.

"கட்டில்ல இருந்ததை நீங்கதான் இப்ப அம்மாட காலுக்குக் கொண்டு போறீங்க. ஒரு டிஷூ ஒரு இடத்துக்கு மட்டும். பிறகு அது குப்பைக்கு."

அந்தத் தமிழ்ச் சகோதரி சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஆனாலும் எனக்குத் தலை குனிந்து போயிற்று. அஸருக்குப் பள்ளிக்கு நடக்கும்போது இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று மனம் குடைந்தது. வுழுச் செய்ய உட்கார்ந்தபோது நினைவு வந்தது. வேறெங்கும் இல்லை, என் வகுப்பில்தான்!

சகோதரிகளே, கல்லால் சுத்தம் செய்யும் இஸ்தின்ஜாச் சட்டத்தை நீங்களும் மத்ரஸாவில் ஓதியிருப்பீர்கள். குறைந்தது மூன்று முறை துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம் முழுவதும் துடைபட வேண்டும். அசுத்தம் பட்ட கல்லை அப்படியே மறுபடி பயன்படுத்தக் கூடாது. அசுத்தம் தன் இடத்தை விட்டு வேறிடத்துக்குப் பரவிவிட்டால் கல் போதாது, தண்ணீர்தான் வேண்டும். நமது ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் உள்ள நிபந்தனைகள் இவை. இவற்றை மாணவர்களுக்கு மனனம் செய்வித்த நான், உம்மாவின் கட்டிலருகே அசுத்தமான கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2008ஆம் ஆண்டு பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஈரத் துடைப்பானைப் பயன்படுத்தும் விதத்தைக் கவனித்தார்கள். ஒரே துடைப்பானால் கட்டில் கம்பி, மேசை, கருவியின் பொத்தான் என்று அடுத்தடுத்துத் துடைக்கும்போது, முதலிடத்தில் எடுத்த கிருமியை அது அடுத்த இடங்களில் விட்டுச் செல்வதைக் கண்டார்கள். ஒரு துடைப்பானை ஒரே இடத்தில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்திவிட்டு எறிய வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன அறிவுரை.

இன்னும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அழுக்கின் மேல் தொற்றுநீக்கி சரிவர வேலை செய்யாது. இரத்தமோ சீழோ இருந்தால் முதலில் அதை அகற்றிக் கழுவ வேண்டும், அதன் பிறகே மருந்து. நஜீஸின் 'ஐன்' எனும் பொருளை முதலில் நீக்கு என்று நமது சட்டமும் அந்த ஒழுங்கைத்தானே சொல்கிறது? இரண்டாவது, துடைத்த இடம் பக்கெற்றில் குறித்த நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். துடைத்த உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் கிருமி சாகாது.

இனி உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மதுசாரம் பட்டால் தொழலாமா? 2002இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹுச் சபை, காயத்தைச் சுத்தம் செய்யவும் கிருமியைக் கொல்லவும் மதுசாரத்தை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டியும் மதங்களின் நிலைப்பாட்டைத் தனியாக ஆராய்ந்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட கைத் திரவத்தில் எதனோல் 80 சதவீதம், அல்லது ஐசோப்ரொப்பைல் 75 சதவீதம் இருக்கும். இந்த ஐசோப்ரொப்பைல் குடிக்கும் மது அல்ல, குடித்தால் நஞ்சு. பேணுதலை விரும்பும் சகோதரி, வசதி இருந்தால் கையைத் தண்ணீரால் கழுவிவிட்டுத் தொழட்டும். அதற்காகச் சிகிச்சையைத் தடுக்க வேண்டாம்.

'மதுசாரம் அற்றது' என்றால் பாதுகாப்பானது என்று நான் நம்பினேன் அல்லவா? 2025இல் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை ஓர் எச்சரிக்கை விடுத்தது. கிருமிநீக்கம் செய்யப்படாத, மதுசாரமற்ற சில துடைப்பான்களிலேயே 'பேர்க்கோல்டேரியா' என்ற பக்டீரியா இருந்திருக்கிறது! சுகதேகிகளுக்கு அதனால் ஆபத்து குறைவு. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும், நாளத்தில் குழாய் பொருத்தியவர்களுக்கும் அது ஆபத்து. அத்தகைய துடைப்பான்களைக் காயத்திலோ குழாயிலோ பயன்படுத்தாதீர்கள் என்று அங்கே அறிவித்தார்கள். மதுசாரமற்ற எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு வரியைப் பார்த்து வாங்கக் கூடாது என்கிறேன்.

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் அழகுசாதனப் பொருட்களையும் ஒழுங்குபடுத்தியது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது. மருந்தா சாதனமா என்று பிரிக்க முடியாமல் எல்லையில் நிற்கும் பொருட்களையும் அந்தச் சட்டம் கவனிக்கிறது. ஆனால் சட்டம் கடை வாசல் வரைதான் வரும். பக்கெற்றைப் புரட்டிப் பார்ப்பது நமது கை.

ஆகவே தாய்மாரே, நோயாளி உள்ள வீட்டில் இவற்றைப் பேணுங்கள். மேசை துடைப்பதைக் கொண்டு குழந்தையின் கையையோ முகத்தையோ துடைக்காதீர்கள். மூடி திறந்து காய்ந்துபோன பக்கெற்றில் தண்ணீர் ஊற்றி நனைக்காதீர்கள். காயத்தைத் துடைக்க எது நல்லது என்று மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேளுங்கள். குளோரினையும் வினாகிரி, அசிட் போன்ற புளிப்புத் திரவங்களையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளியைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவுங்கள்.

இன்னுமொன்று. வார்ட்டின் தரையைத் துடைக்கும் பெண்ணை நாம் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அவர் துடைத்த ஈரத் தரையில் செருப்போடு நடக்கிறோம். நம் உம்மாமாரின் உயிரில் அந்தக் கைக்கும் பங்குண்டு. ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

உம்மாவின் விரல் போனது. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வரும் நாளில் அந்த மிஸ்ஸின் கையைப் பிடித்து உம்மா துஆச் செய்தா. "ஸ்பிரிட் கையைத்தான் பிடிச்சிருக்கீங்கம்மா" என்று அவர் சிரித்தார். "பரவாயில்ல மகள்" என்று சொல்லி உம்மாவும் சிரித்தா.

இப்போதெல்லாம் இஸ்தின்ஜாப் பாடம் வரும்போது ஒரு துடைப்பானையும் வகுப்புக்குக் கொண்டு போகிறேன். மூன்று கற்களின் சட்டத்தைச் சொல்லிவிட்டு, "இதைக் கொண்டு கட்டிலைத் துடைத்தேன், இனி உம்மாவின் கையைத் துடைக்கலாமா?" என்று மாணவர்களிடம் கேட்கிறேன். "கூடாது" என்று சின்னப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். அன்று எனக்குத் தெரியாமல் போனது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.