இருளிலும் பொழுதறிந்த செடி

அந்தி சாயும் வேளையில் தூங்குமூஞ்சி மரத்தை நிமிர்ந்து நோக்கினால், அதன் இலைகள் கைகுவித்தாற்போல் மூடிக்கொள்வதைக் காணலாம். வெயில் போயிற்று, இலை கூம்பிற்று என்றே எவரும் எண்ணுவர்.

ஆனால், 1729இல் வெளியான பிரெஞ்சு வானியல் அறிஞர் தெ மேரானின் ஆய்வு வேறொன்று சொல்கிறது. தொட்டாற்சுருங்கியைப் போன்ற செடியொன்றை அவர் வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். செடியோ, கதிரவனைக் காணாமலே பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. ஆம், பொழுது அதன் உள்ளேயே இருந்தது!

அந்த உட்கடிகாரம் எதனால் ஆயது? அதை அறிய இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. 1971இல் அமெரிக்காவில் கொனோப்காவும் பென்சரும், பழ ஈயின் ஒரு மரபணு மாறினால் அதன் நாளே மாறுவதைக் காட்டினர். சில ஈக்களுக்கு நாள் 19 மணி. சிலவற்றுக்கு 28 மணி. வேறு சிலவற்றுக்கோ ஒழுங்கே இல்லை. அம்மரபணுவால் உருவாகும் புரதம் இரவில் திரண்டு அம்மரபணுவையே அடக்குகிறது. அது சிதைந்து குறைந்ததும் ஆக்கம் மீண்டும் தொடங்குகிறது. இச்சுழற்சிக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இதனை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

மனித மூளையின் அடிப்பகுதியிலும் இத்தகைய கடிகாரம் உண்டு. கண்வழிச் செல்லும் ஒளி அதனை நாள்தோறும் திருத்துகிறது.

எம் அண்டை வீட்டார் ஒருவர் நூற்பாலையில் பல்லாண்டுகள் இரவு ஷிப்டு பார்த்தவர். பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறாரே என்று தெருவார் ஏசியதுண்டு. “கண் மூடுகிறது பாய், உடம்பு மூடமாட்டேன் என்கிறது” என்று அவர் எம்மிடம் சொல்வார். அவரிடம் சோம்பல் இல்லை. ஆலை அவருக்கு இரவைப் பகலாக்கிற்று. உடலின் கடிகாரம் அதற்கு இணங்கவில்லை.

இது வெறும் அசதியன்று. இவ்வொழுங்கைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. 2019இல் இரவுப் பணியை மீண்டும் ஆராய்ந்து அதே வகையில் வைத்தது.

மருத்துவமனையும் இரயிலும் இரவில் நின்றுவிட இயலாது. எவரேனும் விழித்திருக்கத்தான் வேண்டும். அவர்தம் பணிநேரத்தை வகுப்போர் கைக்கடிகாரத்தோடு இந்த உட்கடிகாரத்தையும் பார்த்தல் வேண்டும். அண்டை அயலாராகிய நாமோ, நண்பகலில் அவர்கள் கதவைத் தட்டாதிருக்கலாம்.