அடைப்புக்குறிக்குள் ஒரு சமக்குறி

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். முப்பத்து நான்காவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் சமக்குறி. அந்த இடத்தில் டிரா கேட்கப்பட்டது என்று பொருள். யார் கேட்டாலும் ஆடுகிற இருவரும் தத்தம் தாளில் அதைக் குறிக்க வேண்டும் என்பது சதுரங்க விதி. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

ஆவுடையார்கோவிலில் எங்கள் செஸ் கிளப் என்பது ஒரு வீட்டுத் திண்ணை. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்கள். அந்தச் சூட்டில் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் தன் திண்ணையையும், மூலையில் விரிசல் விட்ட இரண்டு பலகைகளையும் கொடுத்தார். எங்களுக்கு அவர் சார். சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நான், பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

சார் பிள்ளைகளைச் சில ஞாயிறுகளில் கோயிலுக்குக் கூட்டிப்போவார். எங்கள் ஊர்க் கோயிலில் கூரை விளிம்பாக நீளும் கொடுங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருங்கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, கம்பியும் ஆணியும் உட்படக் கல்லிலேயே காட்டியிருப்பார்கள். பழைய சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. அதன் கீழே நிற்கவைத்துக் கேட்பார்: “எந்தக் கம்பியை எவன் செதுக்கினான்னு சொல்ல முடியுதா?” பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசித்ததில்லை.

அந்த ஒலிம்பியாடின் பத்தாவது சுற்றைத் திண்ணையில் ஒரே கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஆகஸ்ட் 8. இந்திய இரண்டாம் அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ஆட்டம். முதல் எட்டுச் சுற்றையும் வென்று வந்த குகேஷ், அப்துசத்தோரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்து, நேரம் தீரும் வேளையில் தவறி, தோற்றார். பிரக்ஞானந்தா வென்றும் கணக்கு 2–2 ஆனது. கடைசியில் உஸ்பெகிஸ்தான் தங்கம் கொண்டுபோனது, நம் பையன்களுக்கு வெண்கலம். “டிராவுக்கு இறங்கியிருக்கலாம். அணி ஆட்டத்துல தனக்குன்னு ஆடக் கூடாது” என்று திண்ணையில் சத்தமாகச் சொன்னது நான்தான். பதினாறு வயதுப் பையனைப் பற்றி, முப்பத்தெட்டு வயதில். சார் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு கோப்பைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம். அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபம். நாலு போர்டு. சார் முதல் போர்டு, கேப்டனும் அவரே. நான் இரண்டு. சைக்கிள் கடை அண்ணன் மூன்று, அந்தப் பெண் நாலு. பரிசுப் பணத்தில் புதுக் கடிகாரங்கள் வாங்குவதாகத் திட்டம்.

அந்தப் பெண் முதலில் ஜெயித்தாள். பிறகு அண்ணன். சார் தோற்றார், எழுந்து, கைகொடுத்துவிட்டு, வாசல் தூண் ஓரம் போய் நின்றார். 2–1. மிச்சம் என் ஆட்டம்.

எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இரு பக்கமும் ஒரு யானை, ஒரு குதிரை. எதிரே கல்லூரிப் பையன். அதற்கு முன் இரண்டு முறை என்னை அடித்தவன். குதிரையை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கும் முன்பு மெதுவாக “டிரா?” என்றான்.

அரைப் புள்ளி கிடைத்தால் இரண்டரை. கோப்பை எங்களுக்கு. இந்தக் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அணிப் போட்டியில் ஆட்ட நிலையைப் பற்றிக் கேப்டன் வாய் திறக்கக் கூடாது. ஆனால் டிராவை ஏற்கலாமா என்று ஆடுகிறவர் அவரைக் கேட்கலாம், அவரும் பதில் சொல்லலாம். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். தூண் ஓரம் நின்று சாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் போதும், நடுவரோடு பக்கத்தில் வந்திருப்பார். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

இவனை இன்றைக்கு அடித்துவிடலாம் என்று இருந்தது. அந்த நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை, இவன்மேல் ஒரு வெற்றி. தாளில் குறியைப் போட்டேன். தலையை ஆட்டி மறுத்தேன். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன்.

அதிலிருந்து ஏழாவது நகர்த்தலில் அவன் குதிரை குதித்து என் ராஜாவையும் யானையையும் ஒன்றாகப் பிடித்தது. அதற்கு மேல் ஆட எதுவும் இல்லை.

2–2. சமன் வந்தால் ‘போர்டு கவுண்ட்’ பார்ப்பார்கள். ஜெயித்த போர்டுகளின் எண்களைக் கூட்டி, குறைவாக இருக்கும் அணிக்கு வெற்றி. எங்களுக்கு மூன்றும் நாலும் ஏழு. அவர்களுக்கு ஒன்றும் இரண்டும் மூன்று. அந்தப் பெண்ணும் அண்ணனும் ஜெயித்துக் கொடுத்தது ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. பாதி வழியில் சார்தான் ஆரம்பித்தார். “முதல் போர்டுல நான் தோத்தேன்ல, அதான் எல்லாம் போச்சு. வயசாயிருச்சு தம்பி.” பின் இருக்கையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள்: “அண்ணே, அவங்க உங்ககிட்ட டிரா கேக்கவே இல்லையா?”

“இல்லம்மா” என்றேன்.

தோற்றதைக்கூட மறந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை போகவில்லை. அதற்குப் பிறகு சார் போட்டிகளுக்குப் போகவில்லை. கூப்பிட்டால், “நான் இருந்தா உங்களுக்குத்தான் பாரம்” என்பார். உண்மையைச் சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. நான் பேசாமல் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பெண் இறுதி ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று என் தாளைக் கேட்டாள். எந்த நினைப்பும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையில் தாள், ஒரு கையில் காய். படித்துப் படித்து நகர்த்திக்கொண்டே வந்தாள். இருபது. இருபத்தைந்து. முப்பது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாளைப் பிடுங்கவா முடியும்? முப்பத்து நாலில் குதிரையை வைத்தாள். கை பலகைமேலேயே நின்றது. தாளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள். திண்ணையில் மற்றப் பிள்ளைகளின் சத்தம், தெருவில் ஒரு மொபெட். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மிச்ச நகர்த்தல்களை ஒன்று விடாமல் ஆடி முடித்தாள். காய்களைப் பெட்டியில் போட்டாள். தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“சாருக்குத் தெரியாதாண்ணே?”

அன்று சாயங்காலமே சாரிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தார்.

“நான் அங்கதானே தம்பி நின்னேன்” என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில் பட்டியலை அவர்தான் எழுதினார். முதல் போர்டில் அந்தப் பெண். இரண்டில் சைக்கிள் கடை அண்ணன். மூன்றில் புதிதாக வந்த பையன். நாலாவதாக என் பெயர். அவர் பெயர் எங்கும் இல்லை. “ஒரு மூணாவது போர்டாவது ஆடுங்க சார்” என்று கேட்டேன். பட்டியலை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“நான் வேன்ல வரேன்” என்றார்.