கைக்கு ஏற்ற வயோலா

கிரெமோனாவில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் யாராவது வயலினுக்கு மரம் சீவிக்கொண்டிருக்கிறார்கள். வட இத்தாலியின் இந்தச் சிறு நகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாதி ஊன்றிய தொழில் இது. 1737இல் இறக்கும்வரை ஸ்ட்ராடிவாரி வேலை செய்ததும் இங்கேதான். 2012இல் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் வயலினைத்தான் கேட்பார்களாம். நான் போன பட்டறையில், அதைவிடச் சற்றுப் பெரிய உடலும் கீழ்க்குரலும் கொண்ட வயோலாவும் செய்கிறார்கள். சுவரில் வரிசையாகத் தொங்கிய வயோலாக்களில் எந்த இரண்டும் ஒரே அளவில் இல்லை.

“ஏன் இப்படி?” என்று பட்டறைப் பெரியவரிடம் கேட்டேன். “வயலினுக்கு அளவு உண்டு. இதற்கு ஆள்தான் அளவு” என்றார்.

முழு வயலினின் உடல் ஏறக்குறைய 35.5 செ.மீ. நீளம். வயோலா 38 செ.மீ.யிலும் உண்டு, 43 செ.மீ.யிலும் உண்டு, எல்லாமே முழு அளவுதான். அதன் தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே நிற்பவை. கணக்குப்படி பார்த்தால் உடலும் ஒன்றரை மடங்காகி 53 செ.மீ. வர வேண்டும். அதைத் தோளில் ஏந்தி யாரால் வாசிக்க முடியும்? நாதம் பெரிய உடலைக் கேட்கிறது, கை சின்னதைக் கேட்கிறது. வயோலா செய்கிறவர் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் பேசித்தான் மரத்தை அறுக்கிறார்.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள். மரம் பல வருஷம் காற்றில் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள பக்கப்பட்டையை நனைத்து, சுடு இரும்பில் அழுத்தி வளைத்து, நடுவிலுள்ள மர அச்சைச் சுற்றிப் பொருத்துகிறார்கள். மேல்பலகையை உள்ளும் புறமும் குடைந்து சுமார் மூன்று மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்த பிறகு, பெரியவர் அதை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார், இன்னும் கொஞ்சம் சீவினார், மறுபடி தட்டினார். எழுபதுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை வஜ்ஜிரம் ஒட்டிச் சேர்க்கிறது. நாளை பழுது வந்தால் உடையாமல் பிரிக்கலாம் என்பதற்காகவே இன்றும் அந்தப் பழைய பசை. இப்படி ஒருவர் ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு கருவிகள்தான் செய்ய முடியும்.

வளரும் பிள்ளைக்கு இப்படிக் கையால் செய்த கருவியை வாங்கிக் கொடுக்க முடியாது. கை நீண்டதும் அடுத்த அளவு தேவைப்படும். அதனால் 12, 13, 14 அங்குலச் சிறு வயோலாக்கள் ஆலையிலிருந்து வருகின்றன. பட்டறை அவற்றைச் சீர்செய்து வாடகைக்குத் தருகிறது. அந்த வேலையைப் பார்ப்பவர், இங்குள்ள வயலின் தொழிற்பள்ளியில் படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு கொரியப் பெண்.

நான் இருந்தபோது ஒரு தாய் மகளோடு வந்தார். சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். கொரியப் பெண் கருவியைத் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டு, தலைச்சுருளை உள்ளங்கையால் பற்றச் சொன்னார். கை விறைத்து நீண்டது. ஒரு அளவு சின்னதை எடுத்தார். முழங்கை தளர்ந்து மடங்கியது. அடுத்து, மிகக் கனத்த தந்தியின் மேல் நான்கு விரல்களையும் விரிக்கச் சொல்லி, மணிக்கட்டு முறுக்குகிறதா என்று பார்த்தார். “பெரியதையே தாருங்களேன், இன்னும் ஒரு வருஷம் வரும்” என்றார் அம்மா. பள்ளிச் சீருடையைப் பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கிற நம் வீட்டுக் கணக்கு அங்கேயும் உண்டு. கொரியப் பெண் இசையவில்லை. பெரிய கருவியைப் பிடிக்கத் தோளைத் தூக்கும் பிள்ளைக்கு அந்தத் தூக்கலே பழக்கமாகிவிடும், பிறகு திருத்துவது கடினம் என்றார்.

சின்ன உடலில் கீழ்த் தந்தி மங்கித்தான் ஒலிக்கும். அதற்கென்று வரும் குட்டை அளவுத் தந்தியைப் போட்டார். பெரியவர்களுக்கான தந்தியைக் கட்டினால் தொய்ந்துவிடுமாம். குதிரையின் உயரத்தை அரத்தால் குறைத்தார். தந்தி பலகையைவிட்டு அதிகம் எழும்பி நின்றால் பிஞ்சு விரல் வலிக்கும். வலித்தால் வயோலாப் பெட்டி திறக்கப்படாது. பிருடையோடு பிள்ளை போராடாமலிருக்க, நான்கு தந்திக்கும் சுருதி திருகு பொருத்தினார்.

பிறகு வில்லைக் கையில் கொடுத்தார். முதலில் வெறும் தந்திகள் மட்டும். கனத்த தந்தியில் வில்லை மெதுவாக இழுக்க வேண்டும். அழுத்தாமல், கையின் எடையை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். சிறுமி வயலின் வேகத்தில் இழுத்தாள், தந்தி கரகரத்தது. பாதி வேகத்துக்கு வந்ததும் குரல் பிறந்தது.

வயலினில் தொடங்கிப் பிறகு மாறினால் போதாதா என்று கேட்டேன். அதுவும் நடக்கிறது, ஆனால் ஆசை வயோலாமேல் என்றால் சுற்றிவர வேண்டியதில்லை என்றார் பெரியவர். வயோலாவின் ஸ்வரக் குறியீட்டில் நடுக்கோடுதான் நடு ஸ்தாயி ஸி. முதல் நாளே அதைப் படிக்கும் பிள்ளைக்கு அது இயல்பாகிவிடும். இன்னொன்றும் சொன்னார்: சீக்கிரமே நாலு பேரோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். நடுக்குரல் தனியாகப் பயிலும்போது அலுக்கும். மேலும் கீழும் மற்றவர்கள் சேரும்போதுதான் அதன் வேலை புரியும். மோட்ஸார்ட் நண்பர்களோடு வாசிக்கையில் விரும்பி எடுத்தது வயோலாவைத்தான்.

நமக்கும் வயோலா அந்நியமில்லை. பாலமுரளிகிருஷ்ணா அதில் கர்நாடகக் கச்சேரியே செய்திருக்கிறார். தரையில் அமர்ந்து, தலைச்சுருளைப் பாதத்தில் ஊன்றும் நம் முறையில் கைக்குச் சுமை குறைவு. விரல் எட்ட வேண்டிய தூரம் மட்டும் குறைவதில்லை. ஆகவே இங்கே வாங்குபவர்களும் அங்குல எண்ணைப் பார்த்து இணையத்தில் தருவிப்பதைவிட, பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய் விரலை விரித்துப் பார்ப்பது நல்லது. குறைந்த விலைக் கருவிகூட, குதிரையும் தந்தியும் அந்தக் கைக்கென்று சரிசெய்யப்பட்டிருந்தால் முதல் சில வருஷங்களுக்குத் தாராளமாகப் போதும்.