ஏப்ரல் ஒண்ணு... ஏமாறாதீங்க!

ஏப்ரல் 1-ன்னா நமக்கு சட்டையில இங்க் அடிக்கிற நாள். பிரிட்டனில் அது சம்பளம் ஏறுற நாள்! எம்.எஸ். படிக்க அங்கே ஃப்ளைட் ஏறப் போறீங்களா? ஊறுகாய், பருப்புப்பொடியோட இந்தக் கணக்கையும் கட்டிக்கிட்டுப் போங்க.

1999 ஏப்ரல் 1-ல் அங்கே குறைந்தபட்ச சம்பளச் சட்டம் அமலுக்கு வந்தப்போ மணிக்கு 3.60 பவுண்டு. 'லோ பே கமிஷன்' வருஷா வருஷம் சிபாரிசு பண்ணும், அரசாங்கம் அறிவிக்கும். 21 வயசு ஆனவங்களுக்கு 2024 ஏப்ரலில் 11.44, 2025-ல் 12.21, 2026-ல் 12.71. 18 முதல் 20 வயசுக்காரங்களுக்கு 2026 ஏப்ரலில் 10.85.

நான் லெஸ்டரில் படிச்சப்போ பார்ட்-டைம் வேலை பார்த்தது நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கடையில. தங்கமான மனுஷன். ராத்திரி மிஞ்சின சாம்பாரைக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். சம்பளம் மட்டும் மணிக்கு 8 பவுண்டு, கையில் காசா! 2025 ஏப்ரலில் ரேட் ஏறினதும் கேட்டேன். "நீ நம்ம பையன்தானேப்பா... நமக்குள்ள என்ன தம்பி சட்டம்?"னார். இதுக்குப் பதில் சொல்றது செமஸ்டர் பரீட்சையை விடக் கஷ்டம்.

கணக்குப் பாருங்க. ஸ்டூடன்ட் விசாவில், வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. மணிக்கு 4.21 பவுண்டு குறைஞ்சா வாரம் 84.20. என் ரூம் வாடகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கு. அதே 2025 ஏப்ரலில் அவங்க கட்டற நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்தில் இருந்து 15 ஆச்சு. ஆனா சின்னக் கடைகளுக்கு அதில் வருஷம் 10,500 பவுண்டு வரை சலுகையும் கொடுத்தாங்க. அவர் பாரம் நிஜம்தான். அதுக்கு உங்க தலையா சும்மாடு?

குறைஞ்ச சம்பளத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. எத்தனை மணி நேரம்னு போட்ட பே-ஸ்லிப் கேளுங்க, அது உங்க உரிமை. வேலை பார்த்த நேரத்தை நோட்டில் குறிச்சு வைங்க. சந்தேகம்னா 'ஏகாஸ்' அமைப்பில் இலவசமா ஆலோசனை சொல்வாங்க. பாக்கி நிரூபணமானா, பழைய ரேட்டில் இல்ல, இப்போதைய ரேட்டில் கணக்குப் போட்டுத் தரணும்.

நான் பே-ஸ்லிப் கேட்டேன். அடுத்த வாரமே "ஆள் தேவையில்ல தம்பி". மூணு வாரம் அலைஞ்சு வேற கடையில் சேர்ந்தேன். அங்கே என் பேரைக்கூட ஒழுங்கா சொல்ல மாட்டாங்க. ஆனா மணிக்கு 12.21, ஸ்லிப்போட.

சாம்பார்? நானே வெச்சுக்கிட்டேன்!