சுவர்க் குழாயில் வருகிற வெள்ளைப் புகை



போன வாரம் கனடாவிலிருந்து ஒரு போன். நம்ம சின்னமனூர்க்கார அம்மா. மகன் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவன். மருமகள் பிரசவத்துக்காக ஸ்கார்பரோ போயிருக்கிறார். "வாத்தியாரய்யா, இங்க வீட்டுக்கு வீடு செவத்துல ஒரு வெள்ளக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கு. அதுலருந்து பொகை பொகையா வருது. பச்சப்புள்ள இருக்கிற வீடு. இவன்கிட்ட கேட்டா ஒண்ணுமில்லம்மாங்கிறான். நீங்க சொல்லுங்க" என்றார். போனில் சுருக்கமாகச் சொன்னேன். நம் பிள்ளைகள் பலர் குளிர்நாடுகளில் இருப்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். "ஒண்ணுமில்ல" என்பது பாதிதான் சரி.

அது பெரும்பாலும் நீர். அங்கே வீட்டைச் சூடாக்க பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் இருக்கும். அதில் எரிவது இயற்கை எரிவாயு, அதாவது மீத்தேன். கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாடு நினைவிருக்கிறதா? மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் வரும். கணக்குப் போட்டால் 16 கிராம் மீத்தேனுக்கு 36 கிராம் நீர். ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர். நெருப்புக்குள்ளிருந்து ஒரு செம்புத் தண்ணீர் என்றால் வகுப்பில் ஒருவனும் நம்ப மாட்டான்!

ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. டீக்கடையில் கெட்டில் கொதிக்கும்போது மூக்கை உற்றுப் பாருங்கள். வாயை ஒட்டி ஒரு விரற்கடை தூரம் ஒன்றுமே தெரியாது. அதற்கப்புறம்தான் வெள்ளையாகக் கிளம்பும். ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாக மாறுகிற இடம் அது. ஹைவேவிஸில் விடிகாலை பஸ்ஸை விட்டு இறங்கி "ஹா" என்று ஊதினால் வருவதும், நம் ஊரிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது மேகமலை மேல் கிடப்பதும் இதே துளிகள்தான். குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் ஆவியை வைத்துக்கொள்ளும். மைனஸ் 10-இல் இரண்டரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. மிச்சமெல்லாம் வெள்ளையாக வெளியே தெரியும். குளிர் கூடக்கூட வால் நீளும்.

பழைய ஃபர்னஸில் சூடான புகை கூரைக்கு மேலே சிம்னி வழியாகப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய சூட்டில் ஒரு பங்கும் அதோடு போகும். இப்போதைய ஃபர்னஸ், புகையைச் சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, ஆவி நீராகும்போது விடுகிற சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. இட்லிக்கொப்பரையின் ஆவி சுட்டால் கொதிநீரைவிட மோசமாகக் கொப்பளிக்கிறதே, அந்த உள்ளுறை வெப்பம்தான் அது. கனடாவில் 2010-இல் நடப்புக்கு வந்த விதி, புது ஃபர்னஸ்கள் குறைந்தது 90 விழுக்காடு திறனுள்ளவையாக இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2005-லிருந்து இதே வகை பாய்லர்கள்தான். வெளியே வரும் காற்று ஆறிப்போய் ஈரம் நிறைந்திருப்பதால் பிளாஸ்டிக் குழாயே போதும், சுவரிலேயே விட்டுவிடலாம். அதனால்தான் அந்த அம்மாவின் கண்மட்டத்தில் புகை. வெள்ளை அடர்த்தியாக இருந்தால் சூடு வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

இனி மீதிப் பாதி. அந்தக் குழாயில் நீரோடு மற்ற வாயுக்களும் வருகின்றன. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் ஊரில் லாரி ஹாக்கின்ஸ் என்ற காவல்துறை அதிகாரி, கணவர், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே போய்விட்டது. எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. அதன்பிறகுதான் படுக்கையறைகளின் அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயர்.

எனவே அங்கிருக்கும் பிள்ளைகளே, கொட்டிய பனி அந்தக் குழாய் வாயை மூடியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு குழாய் இருக்கும், ஒன்று காற்றை உள்ளே இழுக்க. இரண்டுமே திறந்திருக்க வேண்டும். அடைத்தால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், அதை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். பக்கத்து வீடெல்லாம் வெள்ளையாக விட, உங்கள் வீட்டில் ஒன்றுமே வராவிட்டால் அன்றைக்குத்தான் கவலைப்பட வேண்டும். அலாரம் பாட்டரியை அமுக்கிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம், காய்ச்சல் மட்டும் இல்லை என்றால் உடனே வெளியே வந்துவிட்டு அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

இங்கேயும் ஒரு வார்த்தை. நம் தெருக்களில் இப்போது குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டுகிறார்கள். கொசு வருகிறதென்று சன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். ஆறுக்கு நாலு அறையில் அது எரிந்துகொண்டிருக்கக் கதவைத் தாழிட்டுக் குளிப்பது ஆபத்து. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கீசர் வெளிச்சுவரில் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். சுடர் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மார்கழியில் மேகமலைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறுகிற இளவட்டங்கள் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அணைந்தது போலத் தெரிகிற கங்கும் அந்த வாயுவை விடும். கம்பளி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள்.