சொல்லக் கூச்சப்படும் துணி

வானொலியில் உடற்பயிற்சி என்று ஒரு தலைப்பை அறிவித்தால் போதும், தொலைபேசி ஓயாது. எந்தக் காலணி நல்லது, கைக்கடிகாரம் இதயத் துடிப்பைச் சரியாகக் காட்டுமா, ஓடுவதற்கு முன் வாழைப்பழம் சாப்பிடலாமா என்று நேயர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்து ஆண்டுகளாக ஒலிவாங்கியின் முன் உட்காரும் எனக்கு, "ஓடும்போது உள்ளே என்ன போடுவது?" என்ற கேள்வி மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. ஜட்டி என்று சொன்னாலே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

சிரிக்கிற விஷயம் இல்லை என்பதை எனக்குக் காட்டியவர் என் அப்பா. சென்ற ஆண்டு சர்க்கரை அளவு ஏறியதால், தினமும் வேகமாக நடக்கும்படி மருத்துவர் சொன்னார். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இரண்டு வாரம் உற்சாகமாக நடந்தவர் திடீரென நிறுத்திவிட்டார். கேட்டால் "முட்டி வலி" என்றார். அம்மாதான் கண்டுபிடித்தார். குளித்துவிட்டு வந்ததும் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். தோல் உராய்ந்து, சிவந்து, சில இடங்களில் உரிந்தும் இருந்தது. "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "இதையெல்லாம் எப்படிடா சொல்றது?" என்றார்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோலில் ஏற்படும் புண் ஆற நாளாகும், பூஞ்சைத் தொற்றும் எளிதில் பற்றும். நோய்க்காக நடக்கப் போனவர், துணியால் நடையை நிறுத்தியிருந்தார்.

அப்பா அணிந்திருந்தது தேக்காவில் வாங்கிய பருத்தி ஜட்டியும் பழைய பருத்தி டிராக் பேண்ட்டும். பருத்தி நல்ல துணிதான். அலுவலகத்துக்கும் தூக்கத்துக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் அது வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஈர்க்கும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரத்தில் ஓடினால் வியர்வை காய வழியே இல்லை. நனைந்த பருத்தி கனத்து, சுருண்டு, ஒவ்வோர் அடிக்கும் தொடையைத் தேய்க்கும். தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை எந்தத் துணியிலும் முடித்துவிடலாம். 10 கிலோமீட்டர் வேறு கதை.

அதனால் கடைக்குப் போனால் முதலில் துணியின் உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். பாலியஸ்டர் அல்லது நைலானுடன் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தால் ஓட்டத்துக்கு ஏற்றது. அடுத்து, ஆடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையல்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் வரப்புப் போல மேடு தட்டினால் அது ஐந்தாவது கிலோமீட்டரில் தொடையில் கோடு போடும். தட்டையான தையல், அதுவும் உள்தொடையில் படாமல் தள்ளி அமைந்த தையல், விலைச்சீட்டைவிட முக்கியம்.

பல ஓட்டக் கால்சட்டைகளுக்குள் வலை போன்ற உள்துணி தைத்தே வரும். அதுவே உள்ளாடையின் வேலையைச் செய்துவிடும். அதற்குள் இன்னொரு ஜட்டி போட்டால் இரண்டு துணிகள் ஒன்றோடொன்று உரசும், எரிச்சல் இரட்டிப்பாகும். உள்துணி இல்லாத கால்சட்டை என்றால், தொடையின் பாதிவரை இறங்கும் இறுக்கமான விளையாட்டு உள்ளாடை ஆண்களுக்கு வசதி. ஓடும்போது அது மேலே சுருண்டு ஏறக்கூடாது. இடுப்புப் பட்டை தோலில் ஆழமாகப் பதியவும் கூடாது.

கால்சட்டையின் நீளத்தை உள்தொடைத் தையலை வைத்து அளப்பார்கள். 3, 5, 7 அங்குலம் என்று கிடைக்கும். தொடைகள் ஒன்றோடொன்று உரசும் உடல்வாகு என்றால், குட்டைக் கால்சட்டையை மட்டும் அணிவதைவிட, உள்ளே இறுக்கமான நீள உள்துணி கொண்ட 7 அங்குலக் கால்சட்டை நல்லது. குவீன்ஸ்வே கடைத்தொகுதியோ வேறு எந்த விளையாட்டுக் கடையோ, அணிந்து பார்க்கும் அறையில் நேராக நின்று கண்ணாடியைப் பார்த்தால் போதாது. முட்டியை இடுப்புவரை தூக்குங்கள், உட்கார்ந்து எழுங்கள், நின்ற இடத்திலேயே ஓடிப் பாருங்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. என்னுடன் பணிபுரியும் தோழி ஒருவர் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடுவார். வெகுநாள் தடித்த முழுநீளக் கால்சட்டையில்தான் ஓடினார். "மின்தூக்கியில புளோக் ஆன்ட்டி ஏற இறங்கப் பார்ப்பாங்க" என்பதே காரணம். இப்போது முட்டிவரை நீளும் இறுக்கமான கால்சட்டைமேல் தளர்வான ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். தொடை உரசுவதும் நின்றது, ஆன்ட்டியும் பழகிவிட்டார். எவ்வளவு நீளம் என்பதை ஓடுபவர் முடிவு செய்யட்டும். வெப்பத்தில் வேகும்படி மூடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

விளையாட்டு மார்க்கச்சை பிறந்த கதையும் வாய்விட்டுப் பேசியதில் தொடங்கியதுதான். 1977ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டாலிடம் அவருடைய சகோதரி, ஓடும்போது மார்பின் அசைவை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டார். லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் சேர்ந்து, ஆண் விளையாட்டாளர்கள் அணியும் இரண்டு கச்சைகளை ஒன்றாகத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். இன்று வாங்கும்போதும் குதித்துப் பார்த்தே வாங்க வேண்டும். அடிப்பட்டை கெட்டியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் மூச்சை இழுத்துவிடத் தடையாக இருக்கக்கூடாது. பட்டை தளர்ந்துவிட்டால் துணி புதிதாகத் தெரிந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

வாங்கியதைப் பராமரிப்பதும் முக்கியம். வியர்த்த துணியைப் பைக்குள் சுருட்டி மறுநாள்வரை வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளில் படிந்து ஈரத்தைக் கடத்தும் தன்மையைக் கெடுக்கும் என்பதால் அது வேண்டாம். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழுவைத்தன்மை போய்விடும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் போட்டாலே இத்தகைய துணி சீக்கிரம் காய்ந்துவிடும். நெட்டோட்டப் போட்டி நாளில் புதுத்துணி வேண்டவே வேண்டாம். நீண்ட பயிற்சி ஒன்றில் சோதித்த ஆடையையே அணியுங்கள். உரசும் இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். வட்டமாகப் பரவி அரிக்கும் தடிப்பு என்றால் அது படர்தாமரையாக இருக்கலாம்; துணியை மாற்றினால் மட்டும் போகாது, பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

அப்பாவின் புண் மருந்தில் ஆறியது. பிறகு, உள்துணியுடன் கூடிய 7 அங்குலக் கால்சட்டை இரண்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் வேட்டியைக் கட்டிக்கொள்வதுபோல அதை இழுத்து இழுத்து விட்டார். ஒரு மாதம் கழித்து, "அந்தக் கடையில கறுப்புல இருக்கா?" என்று அவரே கேட்டார். இப்போது வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது நடையையோ மெதுவோட்டத்தையோ காரணம் சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம். முட்டி வலி என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது, "எங்கேயாவது உரசுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.